‘எழுமலை’யைத் தகரத்தில் வெட்டுவது எப்படி?

ஒரு தகரத் துண்டில் ‘எழுமலை’ என்று பட்டையான எழுத்தில் எழுதி, மை பட்ட இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டால் ஊர்ப்பெயருக்கு அச்சு (ஸ்டென்சில்) தயார் என்றுதான் தோன்றும். வெட்டிப் பார்த்தால் கதை வேறு. ‘எ’யின் வயிற்றுக்குள் இருக்கும் தகரம் எந்தப் பக்கமும் பிடிப்பில்லாமல் கீழே விழும். ‘ழு’வுக்கும் ‘ம’வுக்கும் அதே கதி. ‘லை’யின் முன்னால் நிற்கும் இணைக்கொம்பில் இரண்டு சுழியும் சேர்ந்தே உதிரும். மிஞ்சிய தகரத்தைச் சுவரில் வைத்துப் பெயின்ட் அடித்தால், எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நாலு கறை நிற்கும்.

உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, பேரையூர் வட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியின் பெயர் அச்சு வெட்டுகிறவர்களுக்கு ஒரு நல்ல பரீட்சை. நாலே எழுத்து, நாலிலும் மூடிய வயிறு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26-ல் இந்தத் தொல்லை ஏழுக்குத்தான் உண்டு. தமிழிலோ ட, ப, ர, ய போன்ற திறந்த எழுத்துகளைத் தேடிப் பொறுக்க வேண்டும். க, ச, த, ந, ம, வ, ழ, ள, ண, ன எல்லாமே எங்காவது ஒரு சுழியை மூடிக்கொண்டு நிற்பவை. அப்படி மூடிய இடத்தைத் தொழில்காரர்கள் ‘தீவு’ என்கிறார்கள். தீவு விழாமல் பிடித்து நிறுத்துவதுதான் அச்சு வெட்டும் வேலையில் பாதி.

கையால் வெட்டிய காலத்தில் இதற்கு எழுதாத விதிகள் இருந்தன. எண்ணெய் டின்னைப் பிரித்துத் தட்டிய தகரம், பழைய எக்ஸ்ரே ஃபிலிம், கெட்டி அட்டை, இவைதான் மூலப்பொருள். எக்ஸ்ரே ஃபிலிமுக்குத் தனி மரியாதை: பிளேடுக்கு வழவழவென்று இசையும், பெயின்டில் ஊறாது, வளைந்த சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். அரிசி மூட்டையின் முத்திரை, மின்கம்பத்தின் எண், பேருந்தின் ‘அவசர வழி’, தேர்தல் நேரத்துச் சுவர்ச் சின்னம் என்று எல்லாவற்றுக்கும் அச்சு வெட்டியவர், தீவைப் பக்கத்துத் தகரத்தோடு இணைக்க ஒன்றிரண்டு இடத்தில் மெல்லிய பட்டை விட்டுவிடுவார். கம்ப்யூட்டர் கடைகளில் இதன் பெயர் ‘பிரிட்ஜ்’. எங்கே விடுவது என்பதில்தான் கைத்திறன். எழுத்தின் வளைவில் விட்டால் உருவம் கெடும். நேர்க்கோட்டில் விட்டால் கண் அதைப் பொருட்படுத்தாது. ஒரே ஒரு பட்டை மட்டும் விட்டால் தீவு தொங்கி ஆடும், அடியில் பெயின்ட் கசியும். அச்சை எடுத்த பிறகு தூரிகையால் அந்த இடைவெளியை ஒரு இழுப்பில் மூடிவிடுகிற ஓவியர்களும் உண்டு.

இன்று அதே வேலைக்கு கட்டிங் பிளாட்டர், லேசர், சிஎன்சி என்று இயந்திரங்கள் வந்துவிட்டன. மெஷின் வந்ததும் இந்தத் திறமைக்கு வேலையில்லாமல் போயிருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு முறை லேசர் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம். வெட்டுவதற்குச் சில நிமிடம். வெட்டத் தகுந்த ஃபைலைத் தயாரிக்க அதைப்போலப் பல மடங்கு நேரம்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. வண்டிக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் கடையில், ‘இதே பெயரை ஸ்டென்சிலா வெட்டிக் குடுங்க’ என்று கேட்பார்கள். கடைக்காரர் ஸ்டிக்கருக்கான ஃபைலையே தகட்டுக்கும் அனுப்பிவிட்டால் எல்லாத் தீவும் உதிர்ந்துபோகும். ஸ்டிக்கருக்குப் பிரிட்ஜ் தேவையே இல்லை. வினைல் தாளுக்கு அடியில் எளிதில் உரியும் அடித்தாள் ஒன்று இருக்கிறது. பிளாட்டரின் கத்தி மேல்தாளை மட்டும் கீறி, அடித்தாளைத் தொடாமல் போகிறது. தீவு வெட்டுப்பட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வேண்டாததைக் கடைப் பையன் இடுக்கியால் உரித்தெடுப்பான். தகட்டுக்கோ அட்டைக்கோ அப்படிக் கீழே தாங்குவார் யாரும் கிடையாது.

பழைய அரசு அலுவலகங்களில் சைக்ளோஸ்டைல் ஓட்டியவர்களுக்கு ‘ஸ்டென்சில்’ என்றால் மெழுகு பூசிய தாள்தான் நினைவுக்கு வரும். டைப்ரைட்டர் எழுத்து மெழுகைத்தான் விலக்கும். அடியில் இருக்கும் மெல்லிய நார்த்தாள் அப்படியே நின்று தீவுகளைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் துணி அச்சுக்கான காத்தகாமி என்ற காகித அச்சில் உதிரும் துண்டுகளைப் பட்டு நூலால், அதற்கும் முன்னால் தலைமுடியால், இழுத்துக் கட்டினார்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலும் தீவைத் தாங்குவது சட்டத்தில் கட்டிய வலைத்துணிதான். ஊருக்கு ஊர் சிக்கல் ஒன்றேதான், தீர்வு மட்டும் வேறு.

‘எழுமலை’யின் கடைசி எழுத்தைப் பற்றி இங்கே ஒரு கிளைக்கதை. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொள்ளும் வரை, ‘லை’யை ‘ல’வின் தலையிலிருந்து தும்பிக்கை தூக்கியது போலத்தான் எழுதினார்கள். அந்தத் தும்பிக்கையை எடுத்துவிட்டு மற்ற எழுத்துகளுக்குப் போடும் இணைக்கொம்பையே இதற்கும் போட்டது அச்சுக் கோப்பவருக்கும் தட்டச்சு செய்பவருக்கும் பெரிய வசதி. ஸ்டென்சில் வெட்டுகிறவருக்கு மட்டும் ஒரே எழுத்தில் இரண்டு தீவு கூடிப்போனது.

சரி, படத்தை மெஷினுக்குப் புரியவைப்பது எப்படி?

கைபேசியில் எடுத்த படம் என்பது நிறப் புள்ளிகளின் கட்டம். இந்தக் கட்டத்தில் வெள்ளை, அடுத்ததில் கறுப்பு, அதற்கடுத்ததில் சாம்பல். எங்கே ஒரு கோடு தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்ற செய்தியே அதில் இல்லை. வெட்டும் மெஷினுக்கு நிறம் பற்றி அக்கறையும் இல்லை. அதற்குத் தெரிந்தது மூன்றே கட்டளை: கத்தியைத் தூக்கு, கத்தியை இறக்கு, இந்த இடத்துக்குப் போ. ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் தன் பிளாட்டர்களுக்காக 1970-களில் உருவாக்கிய எச்பிஜிஎல் மொழி இப்படித்தான் பேசும். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது 40 அலகு. ஸ்டிக்கர் கடைகளில் புழங்கும் பல பிளாட்டர்கள் இன்றும் இந்த மொழியில்தான் கட்டளை வாங்குகின்றன. இப்படி இடத்தையும் திசையையும் எண்களாகச் சொல்லும் ஃபைல்தான் வெக்டர். எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கினாலும் கோவில் மதில் அளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாமல் இருப்பது இதனால்தான்.

நேர்க்கோட்டை எண்ணாகச் சொல்வது சுலபம். இரண்டு முனை போதும். வளைவை? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது ஓவியப் பள்ளியில் இல்லை, பிரான்ஸின் கார் தொழிற்சாலைகளில். களிமண்ணில் வடித்த காரின் வளைவைத் தகடு அடிக்கும் அச்சுக்கு மாற்றும்போது ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறிப்போனது. சித்ரோன் நிறுவனத்தில் பால் தெ காஸ்டல்ஜோ 1959-லேயே இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார். நிறுவனம் அதை வெளியில் விடவில்லை. ரெனோவில் பியேர் பெசியே 1960-களில் அதே வளைவைத் தனியாக எட்டி, உலகுக்குச் சொன்னார். பெயர் பெசியேவுக்குப் போய்விட்டது. வளைவின் இரண்டு முனை, அந்த முனைகளிலிருந்து நீளும் இரண்டு கைப்பிடி. கைப்பிடியை எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறோமோ அதற்கேற்ப நடுக்கோடு வளையும். கோரல் டிராவில் உட்கார்ந்திருக்கும் எந்த டிசைனரும் நாளெல்லாம் இழுத்துக்கொண்டிருப்பது இந்தக் கைப்பிடியைத்தான். ஆக, வெக்டர் வளைவு பிறந்ததே வெட்டும் இயந்திரத்துக்குச் சேதி சொல்வதற்காக. திரையில் படம் காட்டும் வேலை அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

கார் கம்பெனிக்கு வெளியே இது பரவியதும் வேகமாக நடந்தது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984-ல், இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல், கனடாவின் கோரல் டிரா 1989-ல் வந்தன. காசு கொடுக்காமல் கிடைக்கும் இங்க்ஸ்கேப் 2003-ல் தொடங்கியது. படத்தைக் கொடுத்தால் அதுவே கோடு போட்டுத் தரும் ‘டிரேஸ்’ வசதி இவற்றில் இப்போது உண்டு. இங்க்ஸ்கேப்பின் டிரேஸுக்கு அடியில் ஓடுவது பீட்டர் செலிங்கர் என்ற கணித ஆய்வாளர் 2001-ல் எழுதிய போட்ரேஸ் என்ற நிரல். ஒரு பொத்தான், சில நொடி, படம் கோடாகிவிடும்.

கோடாகும், வெட்ட உதவுமா என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படத்தை டிரேஸ் செய்தால், ஓரமெல்லாம் ஜேபெக் பிசிறு புழுப்போல நெளியும். உருண்டையான ஓட்டைக்கு நாலு நோடு, அதாவது வளைவின் முனை, போதும். டிரேஸ் அதற்கு இருபது முப்பது நோடு வைத்து உருளைக்கிழங்கு வடிவம் தரும். ஒவ்வொரு நோடிலும் மெஷின் தயங்கித் திரும்பும். லேசராக இருந்தால் அந்த இடம் கருகும். தாளில் விழுந்த தூசிகூட வெட்ட வேண்டிய வடிவமாகக் கணக்கில் சேரும். பழைய தகர அச்சு கையில் இருந்தால் அதைப் போட்டோ எடுப்பதைவிட ஸ்கேனர் கண்ணாடியில் நேராகப் படுக்க வைப்பது நல்லது. சாய்ந்த கோணத்தில் எடுத்த போட்டோவில் சதுரம் சரிவகமாகிவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் செய்தால் அளவும் சேர்ந்து வரும். இல்லாவிட்டால் ஒரு அடித் தகடு திரையில் எத்தனை மில்லிமீட்டர் என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எழுத்தைத் தட்டச்சு செய்தே ஃபைல் தயாரித்தால் இந்தப் பாடு குறையும். அங்கும் ஒரு பள்ளம் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ‘உசிலம்பட்டி’யில் வரும் ‘சி’ என்பது ‘ச’ ஒன்று, மேலே உட்காரும் கொக்கி ஒன்று என இரண்டு துண்டு. திரையில் கறுப்போடு கறுப்பு கலந்து ஒன்றாகத் தெரியும். கத்திக்கோ இரண்டு ஓரமும் தனித்தனி. கொக்கி ‘ச’வின் மேல் ஏறும் இடத்தில் குறுக்கே ஒரு கீறல் விழும். எழுத்தை வளைவாக மாற்றி, இரண்டையும் ‘வெல்டு’ செய்து ஒரே ஓரமாக்கிய பிறகுதான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். காதணி விழா மேடைக்குத் தெர்மோகோலில் பிள்ளையின் பெயர் வெட்டும் கடைகளில் புதிதாகச் சேர்ந்த பையன் முதலில் கற்றுக்கொள்ளும் பாடமே இதுதான்.

எழுத்தை விட்டுக் கோலத்துக்கு வருவோம். விஷயம் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

திருவிழாக் கடையில் விற்கும் கோல அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் கோடே கிடையாது. தாமரையோ மயிலோ, எல்லாம் வரிசை வரிசையாகத் துளைத்த சிறு ஓட்டைகள். தகட்டைத் தரையில் வைத்து மாவைப் போட்டுத் தேய்த்து எடுத்தால் புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தெரியும். ஏதோ அழகுக்காகச் செய்தது என்று தோன்றலாம். உண்மையில் அது தீவுப் பிரச்சினைக்கு ஒரே அடியாகச் சொன்ன தீர்வு. சிக்குக் கோலம் என்பது புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தன்னோடு தானே மூடிக்கொள்ளும் கோடு. அதைக் கோடாகவே வெட்டினால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தீவு. மொத்தக் கோலமும் கையோடு உதிர்ந்து வந்துவிடும். ஓட்டைகளாகப் பிரித்துவிட்டால் இரண்டு ஓட்டைக்கு நடுவே நிற்கும் தகடெல்லாம் பிரிட்ஜ்தான். ஜப்பானியக் காத்தகாமியிலும் முழுக்க ஓட்டைகளாலேயே உருவம் செய்யும் கிரிபோரி என்ற தனி வித்தை இருக்கிறது. வடக்கே மதுராவின் சாஞ்சிக் கலைஞர்கள் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, அதன் வழியாகத் தரையில் வண்ணப் பொடி தூவுகிறார்கள். அவர்களுடையது இணைப்புப் பட்டையையே கொடியாகவும் கிளையாகவும் வரைந்துவிடும் வழி.

ஒரு சிக்குக் கோலத்தை அச்சு ஃபைலாக்கிப் பார்க்கலாம். ஐந்துக்கு ஐந்து நேர்ப்புள்ளி, புள்ளிக்குப் புள்ளி 5 சென்டிமீட்டர் இடைவெளி. வாசலில் போட்ட கோலத்தைப் போட்டோ எடுத்து டிரேஸ் கொடுத்தால் முதல் கோளாறு உடனே தெரியும். மாவுக் கோட்டுக்கு ஒரு அகலம் இருக்கிறது. டிரேஸ் அந்த அகலத்தின் இரண்டு கரையிலும் கோடு போட்டு, ஒரு கோட்டை இரண்டாக்கிவிடும். வேண்டியது நடுக்கோடு. இங்க்ஸ்கேப்பின் 1.0 பதிப்பிலிருந்து நடுக்கோட்டை மட்டும் எடுக்கும் வசதி இருக்கிறது. கோரல் டிராவிலும் உண்டு. ஆனால் கோடும் கோடும் வெட்டும் இடத்தில் இவை தடுமாறும். நடுவில் ஒரு சிறு முடிச்சைப் போட்டுவிடும். கோலம் தெரிந்தவர் போட்டோவை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகவே வரைந்துவிடுவார். கால் பகுதியை வரைந்து இரண்டு தடவை திருப்பி ஒட்டினால் போதும்.

அடுத்தது ஓட்டை. இரண்டு அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்திக்கு ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் 35-ல் எட்டே முக்கால் இடைவெளிதான் வரும். மிச்சம் சந்தியில் போய் மோதும். அங்கே இரண்டு ஓட்டை பாதி பாதி ஏறி, நடுவில் மெல்லிய தகடு ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஊசி வளைந்தால் மாவு சிதறும், விரலில் குத்தவும் செய்யும். ஆகவே முதலில் எல்லாச் சந்தியிலும் ஒரு ஓட்டையை நிறுத்திவிட்டு, நடுவிலிருக்கும் 35 மில்லிமீட்டரை ஒன்பதாகப் பங்கிட வேண்டும், 3.9 மில்லிமீட்டருக்கு ஒன்று. புள்ளியைச் சுற்றி நாலு துண்டுக் கோடு. 25 புள்ளிக்கு 100 துண்டு. ஒவ்வொன்றிலும் 8 ஓட்டை என 800, சந்திகளிலும் ஓரத் திருப்பங்களிலும் 60. மொத்தம் 860 ஓட்டை. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுகிறவர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடுவதில்லை, சந்தியிலிருந்து சந்திக்குக் கண்ணாலேயே பங்கிட்டுவிடுவார். மென்பொருளுக்கு அதை ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கோலத்தைக் கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் முயற்சி தமிழ்நாட்டில் இந்த மெஷின்களுக்கெல்லாம் வெகு முன்பே தொடங்கியது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்த கிஃப்ட் சிரோமணி, கணித ஆசிரியர் ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகிய மூவரும் 1974-ல் ஒரு ஆய்விதழில் கோலங்களுக்கான இலக்கணத்தை எழுதினார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் விதி உண்டு; சில அடிப்படை வடிவங்களும் அவற்றைப் பெருக்கும் விதிகளும் இருந்தால் கோலம் தானே வளரும் என்பது அவர்கள் காட்டியது. பின்னால் அந்தக் குழு கம்பிக் கோலம் என்றும் சொல்லப்படும் சிக்குக் கோலத்தை அசைவுகளின் வரிசையாகவே பார்த்தது: நேரே போ, அரை வட்டம் திரும்பு, சுழித்து வா. கத்தியைத் தூக்கு, இறக்கு என்று பிளாட்டருக்குச் சொல்வதும் இதே வகைப் பேச்சுதான். கிஃப்ட் சிரோமணி 1988-ல் காலமானார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினி அடையாளம் காணும் வேலையிலும் 1970-களிலேயே இறங்கியவர் அவர். அவர்கள் ஆராய்ந்த ‘கிருஷ்ணர் கொலுசு’ கோலம் உலகக் கணினி வரைகலை நூல்களில் உதாரணமாக இடம்பெற்றிருக்கிறது.

வாசலில் கோலம் போடும் பெண்கள் மனதில் வைத்திருப்பது படத்தை அல்ல, வழியை. எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் பக்கம் சுற்றி வர வேண்டும் என்பதைத்தான். அதனால்தான் வாசல் பெரிதானால் அதே கோலம் பெரிதாகிறது, சின்னதானால் சுருங்குகிறது. கோலம் தெரிந்த ஒருவரைக் கடையில் டிசைனருக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார வைத்தால் டிரேஸ் பொத்தானுக்கு வேலையே இருக்காது.

கோல அச்சுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று தையல் கடைகளில் இருக்கிறது. கல்யாண பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிறவர்கள் பட்டர் பேப்பரில் டிசைன் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்துகிறார்கள். அந்தத் தாளைத் துணியில் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த ஜிங்க் பவுடரைத் துணியால் தேய்த்தால் வெள்ளைப் புள்ளி வரிசை துணியில் இறங்கும். அதன் மேல் ஆரி ஊசி ஓடும். இங்கே தேவைப்படுவது அகலமே இல்லாத ஒற்றைக் கோடு. ஊசி குத்துவதற்கும் இப்போது மெஷின் உண்டு. கோட்டை வெக்டராகக் கொடுத்தால் அதுவே குத்திவிடும். கழுத்து டிசைனின் வலப்பக்கத்தை வரைந்து இடப்பக்கத்துக்குத் திருப்பினால் இரண்டு தோளும் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தும். கையால் குத்தினால் இரண்டாவது பாதியில் கொடி கொஞ்சம் மெலிந்துதான் போகும்.

இனி மெஷின்கள். கத்தியால் வெட்டும் பிளாட்டரில் கத்தியின் முனை நட்டநடுவில் இருக்காது. கால் மில்லிமீட்டர் போல ஒதுங்கி, இழுபட்டுக்கொண்டு வரும். இந்த ஒதுக்கத்தை மென்பொருளில் சொல்லாவிட்டால் ‘ட’வின் மூலை மழுங்கும். லேசருக்கு முனை இல்லை, ஆனால் ஒளிக்கற்றைக்கே அகலம் உண்டு. 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை பொருள் எரிந்து போய்விடும். கடைகளில் கெர்ஃப் என்று சொல்வது இதைத்தான். ஒரு மில்லிமீட்டர் பிரிட்ஜ் வரைந்து அனுப்பியவருக்குக் கையில் முக்கால் மில்லிமீட்டர்தான் கிடைக்கும்.

அக்ரிலிக், மரப்பலகை, தோல், துணி வெட்டுகிற கடைகளில் ஓடுவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர். அதைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938-ல் பிறந்த குமார் பட்டேல். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964-ல் அதைச் செய்தார். மூன்றே ஆண்டில், 1967-ல், இங்கிலாந்தில் ஆக்ஸிஜன் பீய்ச்சி லேசரால் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார்கள். 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள இந்த ஒளியை மரமும் அக்ரிலிக்கும் நன்றாக உறிஞ்சிக்கொள்கின்றன. பித்தளையும் செம்பும் திருப்பி அடித்துவிடும். அதனால் உலோகக் கோலத் தட்டு வேண்டுமென்றால் ஃபைபர் லேசர் இருக்கும் கடையைத் தேட வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. மிச்சமான ரேடியம் ஸ்டிக்கர் தாளையோ பிவிசி ஷீட்டையோ லேசரில் போட்டு வெட்டக் கூடாது. எரியும் பிவிசியிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் கெடுக்கும், மெஷினின் தண்டவாளத்தையும் துருப்பிடிக்க வைக்கும். வினைலுக்குக் கத்திதான்.

புது வீட்டு கேட்டுகளில் மயிலும் பிள்ளையாரும் வீட்டுப் பெயருமாக வெட்டிய இரும்புத் தகடு இப்போது மதுரை வட்டாரத்தில் சர்வசாதாரணம். அதற்கான ஃபைல் வழக்கமாக டிஎக்ஸ்எஃப். ஆட்டோகேட் மென்பொருளோடு 1982-ல் வந்த வடிவம், இன்றும் பட்டறைகளின் பொதுமொழி. இதில் வரும் தொல்லை வேறு மாதிரி. திரையில் முழு மயிலாகத் தெரியும் கோடு, பக்கத்தில் போய்ப் பார்த்தால் நூறு துண்டாக இருக்கும். முனையும் முனையும் சேராத இடத்தில் மெஷின் நின்று மறுபடி துளை போடும். கோட்டின் மேலேயே இன்னொரு கோடு ஒளிந்திருந்தால் ஒரே இடத்தை இரண்டு முறை வெட்டும். எழுமலையிலிருந்து மதுரைப் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கெட்ச் அனுப்புகிறவர்கள் அதைப் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’டாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, ஓரங்களைக் கெடுத்துத்தான் சேர்க்கும்.

வாடிக்கையாளருக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. ‘வெட்டுறதுக்கு ஒரு கூலி சரி, ஃபைல் போட எதுக்குத் தனியா?’ என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ‘எ’யின் வயிற்றை எந்தப் பக்கம் கட்டுவது, ‘லை’யின் இரண்டு சுழிக்கும் ஒரே நேர்க்கோட்டில் பிரிட்ஜ் விடலாமா, தூரத்திலிருந்து படித்தால் அது ‘ல’வோடு ஒட்டித் தெரியுமா என்று உட்கார்ந்து யோசிப்பவருக்குப் போகும் கூலி அது. எக்ஸ்ரே ஃபிலிம் காலத்தில் அந்த யோசனை வெட்டுக் கூலிக்குள்ளேயே அடங்கியிருந்தது. இப்போது தனி வரியாக பில்லில் வருகிறது.

நல்ல கடைகளில் அக்ரிலிக்கைத் தொடுவதற்கு முன் அட்டையில் ஒரு முறை வெட்டிப் பார்ப்பார்கள். கோல அச்சென்றால் அந்த அட்டையைத் தரையில் வைத்து மாவு தூவியே பார்த்துவிடலாம். கடையில் விற்கும் கல்மாவு 2 மில்லிமீட்டர் ஓட்டையில் இறங்கினாலும், ஈரக்காற்று பட்ட பச்சரிசி மாவு அடைத்துக்கொள்ளும். அப்போது 860 ஓட்டையையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதில்லை. ஃபைலில் ஒரே ஒரு வட்டத்தை மூலமாக வைத்து மற்றதையெல்லாம் அதன் நகலாகப் போட்டிருந்தால், மூலத்தின் விட்டத்தை 2.3 என்று மாற்றியதும் எல்லாம் மாறிவிடும். ஓட்டைக்கு நடுவே நிற்கும் தகடு மட்டும் 1.9 மில்லிமீட்டரிலிருந்து 1.6-ஆக மெலியும். அக்ரிலிக் அதைத் தாங்கும். அட்டையிலேயே வைத்து ஓட்டலாம் என்று நினைத்தால் பொங்கலுக்குள் கிழிந்துவிடும்.